உடம்பு தேறக் கப்பல் ஏறினேன்: பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், 1979

என் மகளின் சிநேகிதிகள் இரண்டு பேர் சாப்பிடுவதற்காகவே மலேசியா போகிறார்களாம், அதுவும் சிக்கனமாக. "அங்கிள், நீங்க அந்தக் காலத்துலயே போயிருக்கீங்களாமே, எழுதுங்களேன்" என்றார்கள். எழுதச் சொன்னால் எனக்குக் கை நிற்காது. எட்டாவது வரை படித்தவன்தான். ஆனால் எட்டாவதில் நான் எழுதிய மாட்டுப் பொங்கல் கட்டுரையைப் படித்து ஹெட்மாஸ்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதனால் இதில் எங்காவது பிழை இருந்தால் அது டைப் அடித்துக் கொடுக்கும் என் மகளுடையது.

1979 ஐப்பசியில் போனேன். நன்னிலத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். வயது இருபத்தாறு, உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், எடை நாற்பத்து மூன்று கிலோ. காற்றடிக்கும் பம்பையும் என்னையும் பக்கத்தில் நிறுத்தினால் எது எது என்று யோசிக்கத்தான் வேண்டும். முகம் மட்டும் லட்சணம். அதை ஊரே சொல்லும்.

அந்த வருஷம் மாயவரத்தில் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் சரோஜா. வாழைக்காய் பஜ்ஜித் தட்டை நீட்டிவிட்டு ஒரே ஒரு தரம் நிமிர்ந்தாள். அவ்வளவுதான், எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. அவள் அப்பாவோ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "தம்பிக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். இல்லை என்றோம். "அப்ப கொஞ்சம் தேறட்டும். தை பொறக்கறதுக்குள்ள ஒரு போட்டோ அனுப்புங்க. பார்த்துட்டுச் சொல்றோம்" என்றார். கும்பகோணத்தில் ஒரு பேங்க் குமாஸ்தா வரிசையில் நிற்கிறான் என்பதும், அவனுக்கு இரட்டை நாடி சரீரம் என்பதும் வெளியே வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் மலாயாவுக்குப் போனவன் எவனும் இளைத்துத் திரும்பியதில்லை. என் பெரியப்பா மகன் சுந்தரம் அண்ணன் முருங்கைக்காய் மாதிரி போனவர், பலாப்பழம் மாதிரி லீவில் வந்தார். கோலாலம்பூரில் ரயில்வே வேலை. விஷயம் தெரிந்ததும், "அவனை ஒரு மாசம் இங்க அனுப்புங்க, பெத்தவளுக்கே அடையாளம் தெரியாம பண்ணி அனுப்புறேன்" என்று கப்பல் டிக்கெட்டையும் எடுத்துவிட்டார்.

அப்போதெல்லாம் நாகப்பட்டினத்தில் இருந்தே கப்பல். ஏழு நாள். அலை ஒவ்வொன்றும் திருவாரூர் கோபுர உயரம், நான் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டதெல்லாம் கடலுக்கே போனது. நாலாம் நாள் காப்டனே வந்து என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். ஆனால் ஒன்று. வயிறு காலியாகக் கிடக்கும்போது கடல் வேறு மாதிரி தெரியும். விடியற்காலையில் தண்ணீர் பால் மாதிரி அசையாமல் கிடக்க, அதன் மேல் சின்ன மீன்கள் வெள்ளி நாணயம் போல எம்பி எம்பி விழும். சரோஜா பஜ்ஜித் தட்டோடு அந்தத் தண்ணீர் மேல் நடந்து வருவாள். கை நீட்டுவேன், வாந்தி வரும்.

கிள்ளான் துறைமுகத்தில் அண்ணன் நின்றார். என்னைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். "டேய், பாதிதான் வந்திருக்க. மீதி எங்கடா?"

"நடுக்கடல்ல இருக்குண்ணே."

அங்கிருந்து கோலாலம்பூரில் அண்ணன் வீடு இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் இருபத்தைந்து மைலுக்கு மேல். அண்ணனின் நண்பர் காரில் வந்தோம். வழி முழுக்க மழை. கண்ணாடியில் வழிகிற தண்ணீருக்குப் பின்னால் பச்சை, பச்சைக்குப் பின்னால் இன்னொரு பச்சை. ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் பாக்கியம் அண்ணி குடையோடு நின்று, "பசியாறிட்டீங்களா தம்பி?" என்றார். அந்த ஊர்த் தமிழர்கள் சாப்பிட்டாயா என்று கேட்பது அப்படித்தான். அந்த வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு அரைக் கிலோ ஏறிவிட்டது.

இனி சாப்பாட்டு விவரம், குறித்துக்கொள்ளுங்கள். அப்போது விலை இதுதான்: ரொட்டி சானாய் ஒன்று இருபத்தைந்து காசு, இழுத்து ஆற்றிய டீ முப்பது காசு, வாழையிலைச் சோறு கூட்டு, பொரியலோடு ஒரு வெள்ளி இருபது காசு. வெள்ளி என்றால் ரிங்கிட். ரொட்டி சானாய் நம்ம பரோட்டாவுக்குத் தங்கை முறை. தமிழ் முஸ்லிம் பாய் கடைகளில் கிடைக்கும், மாமாக் கடை என்பார்கள். முதல் நாள் காலையில் பதினான்கு தின்றேன். பதினைந்தாவது கேட்டபோது மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பாஸ், மத்தவங்களும் பசியாறணும் லா" என்றார். அந்த ஊர்ப் பேச்சு 'லா'வில்தான் முடியும். அண்ணன் மூன்று என்பார். அவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், அவருக்கு எப்படித் தெரியும்?

காலையில் தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக், மத்தியானம் இலை, சாயங்காலம் ஒட்டுக்கடையில் மீ கோரேங் என்கிற வறுத்த நூடுல்ஸ். நம்ம ஊர்ப் பெட்டிக்கடைதான் அங்கே ஒட்டுக்கடை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒரு மயக்கம் வரும் பாருங்கள், அதை எந்த ஊரிலும் கண்டதில்லை. ஜன்னல் ஓரம் பாயில் கிடப்பேன். வெளியே ரயில் பெட்டிகளைக் கோர்த்துக் கோர்த்துப் பிரிக்கும் சத்தம். மழை வருவதற்கு முன் வரும் இருட்டு. தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா, இது நன்னிலமா, நன்னிலத்துக்கு வந்த மலாயாவா, ஒன்றும் தெரியாது. பெட்டிகள் மோதும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் ஒரு சுற்றுப் பருப்பதாக நினைத்துக்கொண்டு கண்ணை மூடுவேன்.

அந்த வீட்டில் என் தட்டு ஒருபோதும் காலியாகாது. அதற்குக் காரணம் தேவி. அண்ணியின் தங்கை. இருபத்திரண்டு வயது, கிள்ளானில் ஒரு துணிக்கடையில் வேலை, தினம் பஸ்ஸில் போய் வருவாள். நல்ல கலகலப்பு. முறைக்கு நான் அத்தான், அதனால் வாய்க்கு வந்தபடி பேசுவாள். ஆனால் தன் தட்டில் விழுகிற எல்லாவற்றையும் அக்கா திரும்பும் நேரம் பார்த்து என் தட்டுக்குத் தள்ளிவிடுவாள்.

"ஒல்லி அத்தான், இந்தாங்க, உங்க கல்யாணத்துக்கு என் மொய்."

"நீ சாப்பிடலையா?"

"நான் சாப்பிட்டா என் கல்யாணம் நடக்காது லா."

அவளையும் ஒரு குடும்பம் பார்த்துவிட்டுப் போயிருந்தது. மாப்பிள்ளை கவர்மென்ட் ஆபீஸ். மாப்பிள்ளையின் அத்தை சோபாவில் சாய்ந்துகொண்டு, "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு. குறைச்சா யோசிக்கலாம்" என்றாளாம். அதிலிருந்து தேவிக்குக் காலையில் சீனி இல்லாத டீ, மத்தியானம் ஒரு ஆரஞ்சு. ராத்திரி எனக்குப் பரிமாறுவதோடு சரி. எனக்கு அவள் குண்டாகத் தெரியவே இல்லை. அதற்கென்ன, என்னை யார் கேட்டார்கள்?

இரண்டாம் வாரம் அண்ணன் என்னைப் பந்திங் பக்கம் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனார். இறால் சாப்பிட. ஜெஞ்சாரோம் தாண்டினால் எண்ணெய் எடுக்கிற செம்பனை, செம்பனை, செம்பனைதான். வரிசைகளுக்கு நடுவில் வெயில் பச்சையாக விழும். அண்ணன் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு அந்த வரிசைகள் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே போனேன். யாரோ விசிறுகிற மாதிரி இருந்தது. இறால் என் உள்ளங்கை நீளம். சரி, விரல் நீளம். அன்றைக்குப் பந்திங் சந்தையில், அங்கே பாசார் என்பார்கள், ஒரு தராசில் ஏறினேன். நாற்பத்து நான்கு. இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோ!

தை நெருங்குகிறது, கும்பகோணத்துக்காரன் அங்கே சும்மாவே பருத்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு உதறல் எடுத்தது. யாருக்கும் சொல்லாமல் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். மூங்கில் கூடையும் கண்ணாடி ஜாடியுமாக இருட்டுக் கடை. பாஷை தெரியாததால் கன்னத்தை உப்பிக் காட்டினேன். கடைக்காரக் கிழவர் தலையாட்டி, மஞ்சள் பொடியைச் சிவப்புத் தாளில் மடித்துக் கொடுத்தார். மூன்று வெள்ளி. சாப்பிட்ட பிறகு ஒரு கரண்டி. வாயில் போட்டால் பழைய பீரோ வாசனை. ஒரு வாரம் சாப்பிட்டேன். கண்ணாடி முன்னால் போய் நின்றால் தாடை உருண்டை ஆனது போலவே ஒரு மயக்கம்.

போட்டோவுக்குச் சனிக்கிழமை குறித்தோம். ஸ்டூடியோ கிள்ளானில், தேவியின் கடைக்குப் பக்கத்தில், அவள்தான் பேசி வைத்தாள். அந்த ஸ்டூடியோவுக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. ஊருக்குப் படம் அனுப்புகிறவர்களுக்கென்றே இரண்டு கோட்டு மாட்டி வைத்திருந்தார் ஸ்டூடியோ அண்ணன். ஒன்று பருத்தவர்களுக்கு, முதுகில் கிளிப் போட்டு இறுக்குவது. மற்றது என்னைப் போன்ற ஒல்லியான ஆட்களுக்கு, தோளிலும் நெஞ்சிலும் பஞ்சு வைத்துத் தைத்தது. "இதைப் போட்டுக்கிட்டு எத்தனை பேர் மாப்பிள்ளை ஆயிருக்கான் தெரியுமா?" என்றார். கோட்டைப் போட்டதும் நான் பயில்வான். ஆனால் கழுத்து மட்டும் கோட்டுக்குள் இருந்து வேறு ஒருத்தர் எட்டிப் பார்ப்பது மாதிரி இருந்தது. கன்னத்துக்குள் இரண்டு பஞ்சு உருண்டையை அடக்கச் சொன்னார், அடக்கினேன். விளக்கைப் போட்டார். ஒரு படம் எடுத்தார்.

இன்னொன்று எடுக்கலாம் என்று விளக்கை நகர்த்தும்போது தடால் என்று சத்தம். எனக்குப் பின்னால் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்ற தேவி கீழே கிடந்தாள். திரையில் வரைந்திருந்த மலையும் ஏரியும் அவள் மேல்.

நான் ஒருத்தனாகவே அவளைத் தூக்கினேன். ஸ்டூடியோ அண்ணன் காலை மட்டும் பிடித்தார், தலைப் பக்கம் அடுத்த கடைக்காரர். வாயில் பஞ்சோடு, கோட்டுத் தையல் விட்டு நெஞ்சிலிருந்தும் பஞ்சு பறக்க, கிள்ளான் கடைவீதி நடைபாதையில் ஓடினேன். பூமாலை கட்டும் அக்கா ஒருத்தி, "யாருக்கு லா முடியல, உனக்கா அவளுக்கா?" என்று கத்தினாள்.

நாலு கடை தள்ளி ஒரு கிளினிக். சீன டாக்டரம்மா. ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவராம், தமிழ் பேசுவார். தேவிக்குத் தண்ணீரில் சீனி கலந்து கொடுத்து, நாடி பார்த்து, தராசில் நிற்க வைத்தார். ஐம்பத்தைந்து.

"காலையில என்ன மக்கான், என்ன சாப்பிட்ட?"

"டீ."

"நேத்து?"

தேவி கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகினாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நீ ஏன் வாயில பஞ்சு?" என்றார். பஞ்சைத் துப்பிவிட்டுச் சரோஜாவில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். நான் பையிலிருந்து சிவப்புத் தாள் பொட்டலத்தை எடுத்தேன். தேவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தன் கைப்பையைத் திறந்தாள். அதே சிவப்புத் தாள். அதே மடிப்பு. டாக்டரம்மா இரண்டையும் பிரித்து மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். அதே மஞ்சள், அதே பீரோ வாசனை.

"இது எதுக்கு?"

"பெருக்க" என்றேன்.

"இளைக்க" என்றாள் தேவி. "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு கரண்டி."

"எனக்குப் பின்னாடி."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து இரண்டு பொட்டலத்தையும் குப்பைக் கூடையில் போட்டார். இதில் என்னென்ன கலந்திருக்கிறதோ தெரியாது, சில பொடியில் முகத்தை வீங்க வைக்கிற மருந்தைக்கூடக் கலந்துவிடுகிறார்கள், உயிருக்கே ஆகாது என்று திட்டினார். பிறகு சொன்னார். "இந்தப் பொண்ணு உயரத்துக்கு இந்த எடை சரி. குறைக்கிறதுக்கு முன்னாடி இருந்த எடையும் சரியாத்தான் இருந்திருக்கும். யாரு குறைக்கச் சொன்னது? நீ கொஞ்சம் கம்மி, ஆனா நெஞ்சு சுத்தம், நோய் இல்ல. மெதுவா ஏறும், அவசரம் வேணாம். இப்ப ரெண்டு பேரும் போய்ச் சோறு சாப்பிடு லா."

போனோம். அதே வீதியில் ஒரு இலைச்சாப்பாட்டுக் கடை. தேவி இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சோறு வந்தது, சாம்பார் வந்தது, பாகற்காய் வறுவல் வந்தது. பிசைந்து முதல் உருண்டையை வாயில் வைத்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கும்தான். மிளகாய் காரம். வேறு ஒன்றும் இல்லை.

"அத்தான்."

"சொல்லு."

"அந்த மாப்பிள்ளையோட அத்தை அடுத்த வாரம் மறுபடி வராங்க. வரப்போ நான் இலை போட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருப்பேன். வேணுங்கிற மட்டும் பார்த்துட்டுப் போகட்டும்."

"அக்கா திட்டுமே?"

"அக்காவுக்கும் ஒரு இலை போடுறேன்."

அவள் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் ஸ்டூடியோ அண்ணன் உள்ளே வந்தார், கோட்டை வாங்கிப்போக. கழுத்தில் காமிரா, அடுத்து ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிறவர். நான் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முண்டா பனியன் தெரியும் மெல்லிய சட்டையோடு, வாய் நிறையச் சோற்றோடு சிரித்துக்கொண்டிருந்தேன். "அப்படியே இரு தம்பி" என்றார். க்ளிக்.

இரண்டு படமும் புதன்கிழமை வந்தன. அண்ணன் இரண்டையும் மேசையில் வைத்தார். கோட்டுப் படத்தில் ஒரு பெரிய மனுஷன் உட்கார்ந்திருந்தான், பல்வலி வந்தவன் மாதிரி. இன்னொன்றில் நான்.

"இதுல எலும்பை எண்ணலாம்டா. கோட்டை அனுப்பு. சரோஜா வேணுமா வேணாமா?"

வேணும் என்பதால்தான் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பழைய நிலைமையிலேயே இருக்கிறான் என்று அவள் அப்பா கும்பகோணத்துக்கு ஆள் அனுப்பிவிட்டால்? அண்ணி கோட்டுப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "தம்பி, அந்தப் பொண்ணு இந்த மனுஷனுக்கு ஓகே சொல்லிட்டா, கல்யாணத்தன்னிக்கு இவருக்கு எங்க போறது?"

தேவி இட்லி தின்றுகொண்டே, "பஞ்சுக்கடைக்கு" என்றாள்.

இலைப் படத்தையே அனுப்பினேன். உறையை ஒட்டித் தபால் பெட்டிக்குள் விட்டதும் உடம்பு லேசாகிவிட்டது. எனக்கு அதற்கு மேல் லேசாக என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். மீதி நாளெல்லாம் பசித்தால் தின்றேன், வயிறு போதும் என்றால் எழுந்தேன். பத்துமலை முருகன் கோயில் படியைக் காலையில் ஏறி இறங்கி, கீழே ஒரு இளநீர். குகைக்குள் மேலேயிருந்து விழுகிற வெளிச்சத்தில் புகை மிதந்துகொண்டே இருக்கும், நாமும் மிதப்பது போலவே இருக்கும். எடை பார்க்கவே இல்லை.

போகப் போகிறவர்களுக்கு என் யோசனை. இப்போது அந்தக் கப்பல் கிடையாது, விமானம்தான். கோலாலம்பூரில் இருந்து கிள்ளானுக்கு ரயிலே போகிறது, நல்ல குளிர். விலையெல்லாம் நான் சொன்னதைப் போலப் பல மடங்கு ஆகியிருக்கும், உட்காரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். காலைப் பசியாறல் மாமாக் கடையில், மத்தியானம் இலை, இரண்டும் வயிற்றுக்கும் பைக்கும் கட்டுப்படியாகும். இலைக்கடையில் சோற்றைக் கேட்டுக் கேட்டுப் போடுவார்கள், போதும் என்றால் இலையை உங்கள் பக்கமாக மடித்துவிடுங்கள். பெருக்கவோ இளைக்கவோ யார் எந்தப் பொடியைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், உடம்பில் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் போய் எடை பாருங்கள். உறவுக்காரர் கண் எடைக்கல் இல்லை.

கல்யாணம் என்ன ஆனது என்கிறீர்களா? நாகப்பட்டினத்தில் இறங்கியபோது அப்பா கரையில் நின்றார். "பொண்ணு சரின்னுட்டாடா. அவங்கப்பா இன்னும் முணுமுணுத்துக்கிட்டுத்தான் இருக்காரு, அது கிடக்குது" என்றார். தையில் மாயவரத்தில் கல்யாணம். முகூர்த்தச் சாப்பாட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை. என் அம்மா பின்னால் நின்று, சரோஜா இலையில் நெய்யாக ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பக்கம் நகர்ந்ததும் சரோஜா முதல் முதலாக என்னிடம் பேசினாள், தலையைத் தூக்காமலே.

"உங்கம்மா என்னை ஒல்லின்னு சொல்லிட்டாங்களாம். நாலு மாசமா எனக்குக் காலையில உளுந்தங்களி, ராத்திரி உளுந்தங்களி. இனிமே திங்க வேணாம்ல?"

"வேணாம்" என்றேன். என் இலையில் இருந்த ஜாங்கிரியை எடுத்து அவள் இலையில் வைக்கப் போன கை, பாதியில் நின்றுவிட்டது.

"பிடிக்குமா?" என்று கேட்டேன்.

"இது பிடிக்கும்" என்று அவளே எடுத்துக்கொண்டாள்.